ஜாமீன் கிடைத்தும் விடுதலை இல்லை: பிணைக்கு வழியின்றிச் சிறையில் வாடும் ஏழைகள்

புது தில்லி: நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய பிறகும், பணம் கட்டவோ ஜாமீன்தாரரைக் கொண்டுவரவோ இயலாத ஏழைகள் சிறையிலேயே வாடும் நிலை நீடிக்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூவர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.

பிரச்னை புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் அளித்திருந்தது. ஆனால் ரூ. 10 ஆயிரத்துக்குப் பிணை கேட்ட மாஜிஸ்திரேட், கொத்தனாரின் சகோதரர் வேறு மாவட்டத்தவர் என்பதால் அவரது உத்தரவாதத்தை ஏற்க மறுத்தார். 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, ரூ. 1,000 சொந்த ஜாமீனில் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார்.

ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை செலுத்தப்படாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றங்கள் பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏழைக் கைதிகளின் பிணைக்கு ரூ. 40 ஆயிரம் வரை உதவும் திட்டத்தை அதே ஆண்டில் மத்திய அரசு வகுத்தது.

எனினும், கைதியின் வருவாயைக் கணக்கில் கொள்ளாமல் பிணைத்தொகை நிர்ணயிக்கப்படும் வரை, ஜாமீன் உத்தரவு ஏழைக்கு வெறும் காகிதமே.