மழையில் கரையாத எழுத்து

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பக்கம் ஏதாவது கிராமத் தேவாலயத்துக்குப் போனால், உள்ளே நுழையும் முன் வெளியே புல்தரையில் நிற்கும் பழைய கல்லறைக் கற்களைப் பாருங்கள். 250 ஆண்டு மழையில் நனைந்த பிறகும் பல கற்களில் எழுத்தின் விளிம்பு விரலில் கூர்மையாகத் தட்டுப்படும்.

எல்லாம் கல்லின் குணம். சார்ன்வுட் வனப்பகுதியில், ஸ்வித்லண்ட் என்ற ஊரைச் சுற்றி வெட்டியெடுத்த சிலேட்டுக்கல் இது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த நுண்சேறு, நிலத்தின் அழுத்தத்தில் இறுகிக் கல்லானது. ரோமானியர்கள் இதைக் கொண்டு கூரை வேய்ந்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் நிலக்கரிப் புகை கலந்த அமில மழையில் கரைந்து பொருக்காக உதிர்ந்துவிடும். சிலேட்டில் அப்படிக் கரைவதற்கு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். நீரும் எளிதில் உள்ளே இறங்காது. ஆனால் வேல்ஸ் நாட்டு சிலேட்டைப்போல மெல்லிய தகடாகப் பிளக்காது. அதனால் கல்லறைச் சிற்பிகள் முன்பக்கத்தை மட்டும் இழைத்துவிட்டுப் பின்பக்கத்தைக் கரடுமுரடாக அப்படியே விட்டார்கள்.

இந்தக் கல்லில் பிறந்தவைதான் ‘பீவர் தேவதைகள்’. பீவர் பள்ளத்தாக்கு ஊர்களில், 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செதுக்கப்பட்டவை. நாட்டிங்ஹாம்ஷயரின் ஹிக்லிங் ஊரில் நிறையப் பார்க்கலாம். கல்லின் உச்சியில் உருண்டை முகம், இருபுறமும் சிறகு, சிலவற்றில் மணற்கடிகையும் குறுக்கெலும்புகளும். பின்னணியை மெல்லச் சீவி எடுத்து முகத்தை மட்டும் புடைப்பாக நிறுத்தியிருப்பார்கள். பெருநகரச் சிற்பிகளின் நேர்த்தி இதில் இல்லைதான். ஆனால் அந்த அகன்ற கண்களை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. எனக்கு இவைதான் பிடிக்கும்.

பின்னால் வந்தவர்கள் எழுத்தில் இறங்கினார்கள். அழகுக் கையெழுத்துப் புத்தகங்களில் பேனா போடும் சுழிகளை அப்படியே உளியால் இழுத்தார்கள். கல்லின் அடியில் தங்கள் பெயரைப் பொறித்தவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் தேவதைகள் போய், கிரேக்க பாணித் தாழிகள் வந்தன. பிறகு கால்வாயிலும் ரயிலிலும் வேல்ஸ் சிலேட்டு மலிவாக வந்து இறங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்வித்லண்ட் குவாரிகள் மூடப்பட்டன.

உச்சிவெயிலில் இந்த வேலைப்பாடு சரியாகத் தெரியாது. கைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் விழச் செய்யுங்கள். வரி கோணாமலிருக்கக் கீறிய மெல்லிய கோடுகூடச் சில கற்களில் புலப்படும். பாசியும் கற்பாசியும் மறைக்கிறதே என்று கம்பித் தூரிகையால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். மழை செய்யாத சேதத்தை அது செய்துவிடும்.