அரசியரின் சீதனக் கணக்கு

ஐரோப்பிய அரண்மனைகளில் காணப்படும் அரசியரின் ஓவியங்கள் செல்வத்தின் உருவங்களாகவே நம்முன் நிற்கின்றன. முத்துமாலை, பட்டாடை, வைரக் கிரீடம் என எதிலும் குறைவில்லை. அதே அரசியரைத் திருமண உடன்படிக்கைகளிலும் கருவூலக் கணக்குகளிலும் தேடினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. சீதனம் எவ்வளவு, எத்தனை தவணைகள், எந்தத் துறைமுகத்தை ஒப்படைப்பது, எந்த வாரிசுரிமையைத் துறப்பது என்ற நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பெருஞ்செல்வம் அவர் வழியாகக் கைமாறியது. அதில் அவர் கையில் தங்கியது எவ்வளவு என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அன்றைய அரசியல் அமைப்பே இதற்குக் காரணம். 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் அரச குடும்பங்களின் பரம்பரைச் சொத்துபோலவே கருதப்பட்டன. இரு மன்னர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒருவர் மீறினால் மற்றவர் முறையிடுவதற்கு நீதிமன்றம் எதுவும் இல்லை. எனவே, ஒரு மன்னர் தம் மகளை இன்னொரு மன்னரின் வீட்டுக்கு மணமகளாக அனுப்புவது அந்த உடன்படிக்கைக்கான பிணையாக அமைந்தது.

இத்தகைய திருமணங்களில் பொதுவாக மூன்று பொருளாதார நிபந்தனைகள் இடம்பெற்றன. பெண் வீட்டார் தரும் சீதனம் முதலாவது. கணவர் இறந்தால் மனைவி வாழ்நாள் முழுதும் அனுபவிப்பதற்காக எழுதிவைக்கப்படும் கைம்பெண் வருவாய் இரண்டாவது. பிறந்த வீட்டின் அரியணை மீதான உரிமையை மணமகள் துறப்பது மூன்றாவது. சீதனம் என்னும் சொல்லுக்கு மூலமான ஸ்திரீதனம் என்பது பெண்ணின் சொந்த உடைமையைக் குறிக்கும். ஐரோப்பிய அரச குடும்பங்களில் தரப்பட்ட சீதனமோ, பெரும்பாலும் ஒரு கருவூலத்திலிருந்து இன்னொரு கருவூலத்துக்குச் சென்ற பணம்.

ஸ்பெயின் இளவரசியான அரகோனின் கேத்தரின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. 16 வயது நிரம்பும் முன்பே, 1501 நவம்பரில், இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தருக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். பேசப்பட்ட சீதனம் 2 லட்சம் கிரௌன். அதில் பாதி திருமணத்தின்போது தரப்பட்டது. ஐந்தே மாதங்களில் ஆர்தர் இறந்துபோனார். கேத்தரினைத் தாய்நாட்டுக்கு அனுப்பினால் பெற்ற சீதனத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். கைம்பெண் வருவாயையும் வழங்க வேண்டும். அவரை அங்கேயே இருத்திக்கொண்டால் மீதிப் பாதியைக் கேட்கலாம். மாமனார் ஏழாம் ஹென்றி இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தார். ஆர்தரின் தம்பி ஹென்றிக்குக் கேத்தரின் 1503-இல் நிச்சயிக்கப்பட்டார்.

1504-இல் கேத்தரினின் தாய் அரசி இசபெல்லா இறந்தார். காஸ்டீல் நாடு உயிரோடிருந்த மகள்களுள் மூத்தவரான ஜுவானாவுக்குச் சென்றது. அதுவரை ஒன்றுபட்ட ஸ்பெயினின் இளவரசியாக மதிக்கப்பட்ட கேத்தரின், அரகோன் மன்னரின் மகள் மட்டுமே என்றானார். பங்குச் சந்தையில் விலை சரிவதுபோல மணப்பெண்ணின் மதிப்பும் சரிந்தது. 1505-இல் இளைய ஹென்றி அந்த நிச்சயதார்த்தத்தை மறுதலிக்கும்படி செய்யப்பட்டார். ஏழாம் ஹென்றி 1509-இல் இறக்கும் வரை கேத்தரின் லண்டனில் பணியாளர்களுக்கு ஊதியம் தரவும் வழியின்றித் தவித்தார். சீதனத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்டிருந்த வெள்ளிப் பாத்திரங்களையே விற்க நேர்ந்தது. புதிய மன்னரான எட்டாம் ஹென்றி அவரை மணந்த பின்னரே அந்த இழுபறி முடிவுக்கு வந்தது.

கொடுபடாத சீதனம் ஒரு போருக்கே வழிவகுத்தது என்பதற்கு ஸ்பெயினின் இன்னோர் இளவரசி மரியா தெரசாவின் வாழ்க்கை சான்றாகிறது. 1659-இல் கையெழுத்தான பிரனீஸ் உடன்படிக்கையின்படி, அவர் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியை அடுத்த ஆண்டு மணந்தார். ஸ்பானிய அரியணை மீதான உரிமையை அவர் துறந்தார். அதற்கு ஈடாக 5 லட்சம் பொற்காசுகள் தரப்பட வேண்டும். நிதி நெருக்கடியில் இருந்த ஸ்பெயினால் அதைத் தர இயலவில்லை. பணம் வராததால் துறவும் செல்லாது என்று பிரான்ஸ் வாதிட்டது. மரியா தெரசாவின் தந்தை 1665-இல் இறந்ததும், முதல் தாரத்து மகளுக்கு இரண்டாம் தாரத்து மகனைவிட முன்னுரிமை தரும் பிரபாந்த் பகுதியின் சொத்துரிமை வழக்கம் ஒன்றைக் காட்டி, 1667-இல் லூயி படையெடுத்தார். மகள்களின் உரிமையைக் காக்க உருவான வழக்கம், கணவரின் நாட்டாசைக்குக் கருவியானது. போரின் முடிவில் லில் உள்ளிட்ட நகரங்கள் பிரான்ஸுக்குக் கிடைத்தன. யாருடைய உரிமையின் பெயரால் போர் நடந்ததோ அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

போர்ச்சுகல் இளவரசியான பிரகான்சாவின் கேத்தரினுடைய சீதனம் நம் நாட்டு வரலாற்றையே தொட்டது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுடன் அவருக்கு 1661-இல் ஏற்பட்ட திருமண உடன்படிக்கையின்படி, பம்பாயும் வட ஆப்பிரிக்காவின் டாஞ்சியரும் இங்கிலாந்துக்கு வழங்கப்பட்டன. இவற்றுடன் 20 லட்சம் குரூசாடோ நாணயங்களும் தருவதாக ஒப்பந்தம். அந்தத் தொகையில் ஒரு பகுதி சர்க்கரை முதலிய சரக்குகளாக வந்து சேர்ந்தது. ஸ்பெயினிடமிருந்து தன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ள, ஆங்கிலேயக் கடற்படையின் துணையைப் போர்ச்சுகல் இவ்வாறு விலை கொடுத்து வாங்கியது. 1668-இல் சார்லஸ் பம்பாயை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். பின்னாளில் உலகின் பெருநகரங்களுள் ஒன்றான இடம், அதைச் சீதனமாகக் கொண்டுவந்த பெண்ணின் கருத்தைக் கேட்காமலேயே இருமுறை கைமாறியது.

சீதனத்துக்கு அடுத்த எதிர்பார்ப்பு ஆண் வாரிசு. ஆஸ்திரியாவின் பேரரசி மரியா தெரசா தாமே ஆளும் உரிமை பெற்றவர். 16 பிள்ளைகளின் தாய். அவருடைய மகள்களும் ராஜதந்திரக் கணக்கிலிருந்து தப்பவில்லை. நேப்பிள்ஸ் மன்னருக்கு நிச்சயிக்கப்பட்ட ஜொஹானா 1762-இல், 12 வயதில், பெரியம்மையால் இறந்தார். அவரிடத்தில் நிறுத்தப்பட்ட தங்கை ஜொசபாவும், நேப்பிள்ஸுக்குப் புறப்படவிருந்த வேளையில், 1767-இல் அதே நோய்க்குப் பலியானார். மறு ஆண்டு மூன்றாவதாக அனுப்பப்பட்டவர் மரியா கரோலினா. அப்போது அவருக்கு வயது 15. மணமகளின் பெயர் மாறியது, உடன்படிக்கை மாறவில்லை. ஆண் வாரிசைப் பெற்ற பின் ஆட்சி மன்றத்தில் அவருக்கு இடம் உண்டு என்று அவருடைய திருமண ஒப்பந்தமே கூறியது. 1775-இல் மகன் பிறந்தான். கரோலினா மன்றத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டே, நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கிய அமைச்சர் தனூச்சி பதவியிழந்தார். ஆட்சித் திறன் அவரிடம் முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்கான அனுமதிச் சீட்டு மகன் பிறந்த பிறகே கிடைத்தது.

இவற்றைக் கொண்டு, இந்த அரசியர் அனைவரும் சதுரங்கக் காய்கள் என்று முடிவுகட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். வறுமையில் இருந்த காலத்திலேயே, 1507-இல், அரகோனின் கேத்தரின் தம் தந்தையின் தூதராக நியமிக்கப்பட்டார். 1513-இல் கணவர் பிரான்ஸில் போரிட்டபோது நாட்டை நிர்வகித்தவர் அவர். ஸ்காட்லாந்துப் படை ஃபிளாடன் களத்தில் முறியடிக்கப்பட்டதும் அப்போதுதான். ஆனால், பிழைத்த ஒரே பிள்ளை மகளாக இருந்ததால், அந்தத் திறமை எதுவும் அவருடைய அரசிப் பட்டத்தைக் காப்பாற்றவில்லை. 1533-இல் அத்திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது.

இந்தக் கணக்கிலிருந்து ஓரளவு விடுபட்டவர்களுள் ஆஸ்திரியாவின் மார்கரெட் முக்கியமானவர். மூன்று வயதில் மணமகளாகப் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டு, அந்நாட்டு மன்னர் வேறொரு பெண்ணை மணந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அடுத்து ஸ்பெயின் இளவரசரை மணந்தார். சில மாதங்களில் அவர் இறந்தார். மூன்றாவதாக மணந்த சவாய் நாட்டுக் கோமகனும் 1504-இல் இறந்தார். அதன்பின் மார்கரெட் மறுமணத்துக்கு இசையவில்லை; ஏழாம் ஹென்றி பெண் கேட்டபோதும் மறுத்துவிட்டார். சவாய் நாட்டின் கைம்பெண் வருவாய் அவர் கைவசம் இருந்தது அந்த மறுப்புக்குத் துணைநின்றிருக்க வேண்டும். 1507 முதல் நெதர்லாந்துப் பகுதிகளின் ஆளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1529-இல் பிரெஞ்சு மன்னரின் தாய் லூயிஸுடன் பேசி, கம்பிரே நகரில் அமைதி உடன்படிக்கையை உருவாக்கினார். 'சீமாட்டிகளின் சமாதானம்' என்றே அது வரலாற்றில் பெயர் பெற்றது. பிரகான்சாவின் கேத்தரினும் கைம்பெண்ணாகத் தாய்நாடு திரும்பி, முதுமையில்தான் தம் சகோதரருக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

சட்டப்படியான உரிமை மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அரகோனின் கேத்தரினுடைய அக்காள் ஜுவானா, 1504 முதல் 1555-இல் இறக்கும் வரை காஸ்டீலின் அரசி. ஆனால், மனநலம் குன்றியவர் என்று கூறி 1509-இல் தோர்தெசியாஸ் அரண்மனையில் அடைக்கப்பட்டு, 46 ஆண்டுகளை அங்கேயே கழித்தார். அவர் பெயரால் முதலில் தந்தையும், பின்னர் மகனும் ஆண்டார்கள். சொத்து ஒருவர் பெயரில் இருப்பதும் அவர் வசம் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

காலம் மாறியிருக்கிறது. 1980-இல் ஸ்வீடன், ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே அரியணை என்று சட்டத்தைத் திருத்தியது. பிரிட்டன் அந்த முடிவுக்கு வர 2013 ஆயிற்று. ஸ்பெயினின் அரசமைப்புச் சட்டத்தில் மகனுக்கான முன்னுரிமை இன்னும் நீடிக்கிறது. திருமணமான சாதாரணப் பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமையை இங்கிலாந்துச் சட்டம் 1882-இல்தான் வழங்கியது.

பெண்களின் பொருளாதார நிலையை அளவிடும்போது அவர்களைச் சுற்றியுள்ள செல்வத்தை எண்ணிப் பார்ப்பது எளிது. நகையும் வீடும் அவர்கள் பெயரில் இருக்கலாம். அவற்றை விற்கவும், வைத்துக்கொள்ளவும், வேண்டாம் என்று மறுக்கவும் முடிவெடுப்பவர் யார் என்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலில் நிறுத்தினால், பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்த அரசியைவிடத் தன் சம்பளத்தைத் தானே செலவிடும் ஒரு தொழிலாளி செல்வந்தராகவே தெரிவார்.