எட்டுப் பேருக்கு ஒரு மின்மானி: மாணவர் விடுதிகளுக்கு ஸ்மார்ட் தொழில்நுட்பம் உதவுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி, கொக்குவில் பகுதிகளில் பல வீடுகள் மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடப்படுகின்றன. அறைகள் பல; மின்மானி பெரும்பாலும் ஒன்றுதான். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது. பின்னர் சில தடவை குறைக்கப்பட்டாலும், மகாபொல உதவித்தொகையை நம்பிப் படிப்பவர்களுக்கு மின்பட்டியல் இன்றும் ஒரு சுமைதான்.

சிக்கல் எங்கே?

வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிமுறையானது. பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும், நிலையான மாதக் கட்டணமும் கூடுகின்றன. ஒரு மாணவர் மாதம் 25 அலகு பாவித்தால், தனி இணைப்பில் அது மிகக் குறைந்த கட்டணப் படியில் (30 அலகுக்குள்) அடங்கும். எட்டு மாணவர்கள் ஒரே மின்மானியில் சேரும்போது பாவனை 200 அலகாகிறது. 60 அலகைத் தாண்டியதும் சலுகை விலை இல்லாமற்போகிறது. 180 அலகைத் தாண்டிய பகுதிக்கு அதியுயர் விலை அறவிடப்படுகிறது. சிக்கனமாக இருப்பவரும் இதில் தப்ப முடியாது.

முதலில் அளவிட வேண்டும்

எனவே முதல் தேவை, அறைக்கொரு துணை மின்மானி. வைஃபை இணைப்புள்ள துணை மின்மானியில் அன்றாடப் பாவனையைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பட்டியல் வந்த பிறகு சண்டை பிடிப்பதற்குப் பதிலாக, மாத நடுவிலேயே பாவனையைக் குறைக்க முடியும்.

அடுத்தது மின்விசிறி. 75 வாற்று விசிறி நாளுக்கு எட்டு மணித்தியாலம் சுழன்றால் மாதம் 18 அலகு. ஏறத்தாழ 30 வாற்றில் இயங்கும் பிஎல்டிசி விசிறிக்கு ஏழு அலகு போதும். தண்ணீர் மோட்டாருக்கு நேரக்கட்டுப்பாட்டுக் கருவியும், நடைபாதை விளக்குகளுக்கு அசைவு உணரியும் பொருத்தலாம்.

கவனிக்க வேண்டியவை

விரும்பினால் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கும் மாறலாம். அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக அதிகம். மாணவர்கள் சமைப்பதும் படிப்பதும் இந்த உச்ச நேரத்தில்தான். பழக்கத்தை மாற்ற முடியாவிட்டால் இந்த முறை நட்டத்தையே தரும்.

10 அம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் 2,000 வாற்று கேத்திலைப் பாவித்தால், அதன் தாங்குதிறனில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். தரமற்ற பிளக் சூடாகித் தீப்பற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. ஓர் அறையின் மின்பாவனையைப் பார்த்தே, அங்கிருப்பவர் எப்போது வருகிறார், எப்போது வெளியே போகிறார் என்பதை ஊகிக்கலாம். குறிப்பாக மாணவிகள் தங்கும் வீடுகளில் இது பாதுகாப்புச் சார்ந்த விடயம். மாதாந்த மொத்த அலகைத் தவிர வேறு விபரங்களை வீட்டு உரிமையாளர் பார்க்கக்கூடாது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

கருவிகளை யார் வாங்குவது, மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதையும் அதே ஒப்பந்தத்தில் தீர்மானித்துவிட வேண்டும். விசிறி மாற்றிய செலவு உரிமையாளருக்கும் மிச்சம் மாணவருக்கும் போவதாயிருந்தால், எந்த உரிமையாளரும் அதை மாற்ற முன்வரமாட்டார்.