வீட்டுக் கட்டிடக் காப்புறுதி: பத்திரம் காப்பதும் காவாததும்

வீடொன்றைக் காப்புறுதி செய்தல் என்பது, பொதுவாக நம்பப்படுவது போல, அவ்வீட்டுக்கு நேரக்கூடிய எல்லா இழப்புகளிலிருந்தும் விலை கொடுத்து விடுபடுவதன்று. குறித்த சில ஆபத்துகள் குறித்த ஒரு கட்டிடத்தைத் தாக்குமிடத்து, குறித்த தொகைக்கு மேற்படாமல் ஈடுசெய்வதாக அளிக்கப்படும் வாக்குறுதியே அது. நம் நாட்டில் இதன் மூலவடிவம் தீக் காப்புறுதியாகும். தீயும் மின்னலும் அதனுள் இயல்பாகவே அடங்குவன. புயல், வெள்ளம், நிலநடுக்கம், வாகன மோதல், நீர்க்குழாய் வெடிப்பு முதலியன பின்னர் ஒட்டிச் சேர்க்கப்பட்டவை. இன்று விற்கப்படும் பத்திரங்கள் பல இவற்றை ஒருங்கே கட்டித் தருகின்றன.

கட்டிடம் என்னும்போது சுவர், கூரை, தளம், கதவு, யன்னல், நிலையாகப் பொருத்தப்பட்ட மின், நீர் இணைப்புகள் என்பன கருதப்படும். மதிலும் கிணறும் எழுத்திற் குறிக்கப்பட்டாலன்றி அடங்குமெனக் கொள்ளலாகாது. தளபாடமும் நகையும் வேறு காப்புறுதிக்குரியன. கறையான் அரிப்பு, நாட்பட்ட நீர்க்கசிவு, பழுதான கட்டுவேலை ஆகியவற்றை எந்த நிறுவனமும் ஏற்பதில்லை. அவை திடீர் விபத்துகளல்ல என்பதே நியாயம்.

நிலம் ஒருபோதும் அடங்காது. ஆகவே காப்புறுதித் தொகையைத் தீர்மானிக்கையில் வீடும் வளவும் சேர்ந்த சந்தை விலையை அன்றி, கட்டிடத்தை மீளக் கட்டுவதற்கு இன்று ஆகும் செலவையே நோக்கவேண்டும். இதிற் குறைத்துக் காட்டுவோருக்கே சராசரி விதி என்னும் நிபந்தனை காத்திருக்கிறது. மீளக் கட்ட 100 இலட்சம் ரூபா வேண்டிய வீட்டை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர், 20 இலட்ச ரூபா சேதத்துக்கு 10 இலட்சமே பெறுவார். சேதம் காப்புறுதித் தொகைக்கு உட்பட்டதுதானே என்ற வாதம் செல்லாது. 2022 இல் சீமெந்து, கம்பி விலைகள் பன்மடங்கு உயர்ந்தபின், பழைய தொகையிலேயே புதுப்பிக்கப்பட்ட பத்திரங்கள் அனைத்தும் இவ்விதியின் வாய்க்குட் சென்றவையே.

கலவரமும் பயங்கரவாதமும் தனிக் கட்டணத்துக்குரியவை. இவற்றுக்கென 1980களில் அரசு ஏற்படுத்திய நிதியத்தை இன்று, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நிருவகிக்கின்றது. ஆனால் யுத்தமும் உள்நாட்டு யுத்தமும் எப்பத்திரத்திலும் விலக்கப்பட்டுள்ளன. இடிந்த சுவர் ஒன்றே. நிகழ்வுக்கு எப்பெயர் சூட்டப்படுகின்றது என்பதே இழப்பீட்டைத் தீர்மானிக்கும். வடக்குக் கிழக்கில் வீடிழந்தோருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று.

அடுத்து, காப்புறுதி செய்யத் தகுதியுடையோர் யார்? அப்பொருள் அழிந்தாற் பண நட்டமடையும் நலன் உடையவரே. உரிமையாளருக்கு அது உண்டு. ஈடு வைத்த வீட்டில் வங்கிக்கும் உண்டு. கடன் நிலுவையிலிருக்கையில் இழப்பீடு முதலில் வங்கியைச் சேர்வதும் இதனாலேயே. வீட்டுக்காரர் பலர் கட்டணம் செலுத்தியும் தம் பத்திரத்தைக் கண்ணாற் காணாதிருக்கின்றனர். அதன் பிரதியைக் கேட்டுப் பெறுவது அவர்தம் உரிமை.

இந்நலன் என்னும் கோட்பாடு மலையகத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றது? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. மண்சரிவு பல பத்திரங்களில் விலக்கப்பட்டிருப்பது ஒருபுறமிருக்க, அங்கு வாழ்ந்தோர் கட்டிடத்தைக் காப்புறுதி செய்யும் நிலையிலேயே இருக்கவில்லை. தலைமுறைகளாக வாழ்ந்த அறை அவர்களுடையதன்று. 1992 இன் பின் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போயின, நிலம் அரசினதாகவே இருந்தது. ஆபத்து முழுவதும் குடியிருந்தோருக்கு, உரிமை பிறருக்கு.

2016 இல் அதே நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் ஊடாகத் தொடங்கப்பட்ட தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், மக்களிடம் கட்டணம் பெறாது, சேதமடைந்த வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரை வழங்க வகைசெய்தது. அவ்வாண்டு மே மாதத்து வெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் அதன் முதற் சோதனையாயின. தனியார் பத்திரம் உறுதியைக் கேட்கும் இடத்தில், அத்திட்டம் சேதத்தைக் கேட்டது. தோட்டங்களில் 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் கட்டப்படும் இக்காலத்தில், அவ்வீட்டார் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ முதலில் நீட்டவேண்டிய தாள் காணி உறுதியேயாகும். அது கைக்கு வந்துசேராத குடும்பங்கள் இன்னும் பல.