மிளகாய் வராத காலத்துக் கறி

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற வீட்டை மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் அம்மியில் அரைபடும். கடைசியில் நாலைந்து பல்லு உள்ளி. அந்தக் கூட்டில் மீனைப் போட்டு வைத்தால் சரக்குக்கறி. தூள் இல்லாமல் ஒரு கறியும் இறங்காத அடுப்படி, தாய்க்குப் பத்தியம் என்றதும் மிளகாய்த்தூள் போத்தலை எட்டத் தள்ளி வைத்துவிடும்.

இந்தச் சரக்குக் கல்வெட்டிலும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு 290 காசு கொடுத்தான். முதலில் கைவைக்காமல், காசுக்கு இரண்டு கலமாக ஆண்டுக்கு 580 கலம் நெல்லை ஊர்ச்சபை பொலிசையாக, அதாவது வட்டியாக, அளக்கவேண்டும். அதில் சுவாமிக்குச் சோறு, நெய், தயிர், வாழைப்பழம், கூடவே காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி. (வட்டிக் கணக்கைவிடக் கறிக் கணக்குத்தான் எனக்குச் சுவை.) பாண்டியர் கல்வெட்டுகளில் 'காயம்' என்று வருவது மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி. கடுகை எடுத்துவிட்டு உள்ளியைச் சேர்த்தால் நம் பத்தியக்கறிதான்.

மிளகாய் அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அதைப் பதினாறாம் நூற்றாண்டில்தான் போர்த்துக்கேயர் கீழைக் கடல்களுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த காய்க்கு நம்மவர் புதுப்பெயர் தேடவில்லை. மிளகு போல உறைக்கும் காய், ஆகவே மிளகாய். சிங்களவர் மிளகின் 'மிரிஸ்' என்ற பெயரையே மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, பழைய மிளகை 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், ஆக்கிவிட்டார்கள்.

நாக்குச் சொன்னது சரி. மிளகின் பைப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் வேறு வேறு பொருள்கள். தட்டுவது ஒரே கதவை. நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை வெப்பம் பட்டால் திறந்து 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. இவை இரண்டும் சூடில்லாமலே அதைத் திறந்துவிடும். கேப்சைசின் பல மடங்கு பலமாக. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

யாழ்ப்பாணக் குடாநாடு மிளகாய்க்கு மாறியதற்கு மண்ணும் ஒரு காரணம். மிளகுக்கொடிக்கு நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும். இங்கே வற்றாத ஆறில்லை, சுண்ணாம்புக்கல், மாரி மூன்று மாதம், மிச்சத்துக்குக் கிணறு. மிளகை மலைநாட்டிலிருந்து வாங்கவேண்டும்; மிளகாய்க் கன்றோ செம்மண் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீருக்கே காய்க்கும். சங்கத் தமிழில் மிளகுக்கே 'கறி' என்று பெயர். இன்று கறி என்றால் எங்களுக்குச் சிவப்பு.

பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்து பத்தியமும் விட்டால், தூள் போத்தல் திரும்ப அடுப்படிக்கு வந்துவிடும்.