என் மெஷினில் ஓடுகிறதே!

லினக்ஸில் புரோகிராம் எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. வேறு கம்ப்யூட்டரில் ஓடாததற்குப் பெரும்பாலும் ஷேர்டு லைப்ரரிதான் காரணம். பல புரோகிராம்களுக்கும் வேண்டியதை ஒரே பொதுக் கோப்பில் வைத்து, ஓடும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இடம் மிச்சம், பிழை இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

சிக்கல் பதிப்பில்தான். 2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 அதை எடுத்துக்கொண்டு பழைய 1.1-ஐக் கைவிட்டது. பழையதை நம்பிய புரோகிராம்கள் அங்கே கிளம்பவே இல்லை. சிலர் புதிய கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டிப் பார்த்தார்கள். மீட்டர்கேஜ் பெட்டியில் பிராட்கேஜ் என்று எழுதிவிட்டால் தண்டவாளத்தில் நிற்குமா? உள்ளே பொருந்தாது என்பதால்தானே பெயரில் எண்ணையே மாற்றுகிறார்கள்!

டெபியன், உபுண்டுவுக்குப் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் இந்தத் தேவைப் பட்டியலைக் கையால் எழுத வேண்டாம். டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் என்ற கருவி புரோகிராமையே படித்து, எந்த லைப்ரரி, குறைந்தது எந்தப் பதிப்பு என்று குறித்துவிடும். ஓடும்போது நடுவில் திறக்கப்படும் பிளக்-இன் மட்டும் அதன் கண்ணில் படாது; அதை நாமே சேர்க்க வேண்டும்.

அடிப்படையான ஜிலிப்சி விஷயம் வேறு. பழையதில் கட்டியது புதியதிலும் பொதுவாக ஓடும்; புதியதில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியே கட்டி, புதிதாக நிறுவிய வெறும் மெஷினில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.