பருவமறிந்து பால் அருந்துதல்

பால் நல்லுணவு என்பதை யாவரும் அறிவர். அதைப் பருவத்திற்கேற்ப அருந்தும் முறையையும் ஆயுர்வேத நூல்கள் வகுத்துள்ளன. முன்பனிக் காலத்தில் பசித்தீ வலுத்திருக்குமாதலால் பாலும் வெல்லமும் தகும். வசந்தத்தில் கபம் மிகும். கனத்த, இனித்த உணவைக் குறைத்தல் நலம். கோடைக்கு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சுவையான முறையொன்று கூறுகிறது: சர்க்கரை சேர்த்த எருமைப் பாலை நிலவும் விண்மீன்களும் காணக் குளிர வைத்து, இரவில் பருகவேண்டும்.

ஆனால் மாதப் பெயரை மட்டும் நம்பலாகாது. நூல்கள் மழைக்காலமென்னும் ஆவணி, புரட்டாசியைக் காட்டிலும், மதுரைச் சீமையில் ஐப்பசி, கார்த்திகையிலேயே மழை வலுக்கும். வசந்தமென்னும் சித்திரையோ மேலூரிலும் திருமங்கலத்திலும் கடுங்கோடை. ஆகவே நம் வானத்தைப் பார்த்தே பருவத்தை முடிவு செய்யவேண்டும்.

நிலவில் வைப்பதாயினும் பச்சைப் பால் ஆகாது. காசநோய்க் கிருமி பாலின் வழியே பரவக்கூடும். நம் வெக்கையில் பால் விரைவில் திரிந்தும் போகும். பொங்கக் காய்ச்சி, ஆறியதும் மூடி வைத்து, அன்றே அருந்துக. கோடையில் தயிர் ஆகாதென்று சரகர் விலக்குகிறார். வயலுக்குச் செல்வோர் நீர்மோர் கொண்டு செல்லலாம்.

கறந்ததனைத்தையும் சங்கத்தில் ஊற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கடுங்காப்பி கொடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்கு நாளும் ஒரு தம்ளர் பாலை எடுத்து வைத்தபின் மிஞ்சியதைச் சங்கத்திற்கு ஊற்றட்டும். ஆறு மாதம் வரை சிசுவுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்.